ஜோதிமணி எடுத்து வந்த சாக்குகள்

எங்கள் மையத்தில் அறிக்கை எழுதுவது என் வேலை. மைசூரில் ஹெப்பாள் தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில், கீழே சத்துமாவு அறையும் மேலே அலுவலகமுமாக ஒரு பழைய கட்டடம். அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ள, பதினெட்டு வயது தாண்டிய பிள்ளைகளுக்கு இங்கே தொழில் கற்றுத் தந்து வேலைக்கு அனுப்புகிறோம். யார் என்ன கற்றுக்கொண்டார்கள், யாருக்கு என்ன வரவில்லை என்று வாரம் தவறாமல் கம்ப்யூட்டரில் தட்டி வைப்பேன். எனக்குக் கை வேகம். வாய் அதைவிட வேகம். மூளை எப்படி என்பதை இதைப் படித்து முடித்ததும் நீங்களே சொல்லலாம்.

ஜோதிமணி போன ஜூன் மாதம் வந்து சேர்ந்தாள். வயது இருபத்தொன்று. குள்ளம், உருண்டை முகம், எண்ணெய் வழிய வாரிய இரட்டைப் பின்னல். சத்தியமங்கலம் பக்கத்துக் குடும்பம். அப்பா காளிதாஸ் கட்டடங்களில் சென்ட்ரிங் பலகை அடிப்பவர். அம்மா சாமியாத்தாள் அதே இடத்தில் சித்தாள். மூன்று வருடமாக போகாதி ரிங் ரோடு பக்கம், எழும்பிக்கொண்டிருக்கும் அடுக்குமாடிகளுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் இருக்கிறார்கள். வரிசையாகப் பதினெட்டுக் கொட்டகை. பதினெட்டிலும் ஈரோடு, சத்தி, கோபி ஆட்கள்தான். மேஸ்திரியும் தமிழ், மளிகைக்கடைக்காரரும் தமிழ். அங்கே கன்னடம் காதில் விழ வேண்டுமென்றால் சிமென்ட் லாரி வர வேண்டும்.

சேர்க்க வந்த அன்று சாமியாத்தாள் என் மேஜைக்கு எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்து சொன்னார்.

“ஊர்ல ரெண்டு வருசம் பள்ளிக்கூடம் போனாளுங்க. அப்பறம் டீச்சரு வேண்டாம்னுட்டாங்க. இங்க வந்து நாங்க ரெண்டு பேருமே வேலைக்குப் போயர்றமுங்க. இவள உள்ள வெச்சு வெளிய தாப்பாப் போட்டுட்டுத்தானுங்க போறது. வேற என்னங்க பண்றது, ஆம்பளைக நடமாடற எடம். போன ஐப்பசி மழைல தண்ணி உள்ள வந்துருச்சுங்க. கட்டலு மேல ஏறி நின்னிருக்கா. அஞ்சு மணிக்கு நான் வந்து தெறக்கற வரைக்கும் நின்னுட்டே இருந்திருக்காளுங்க.”

அழவில்லை. சொல்லிவிட்டு மகளின் பின்னல் ரிப்பனை இறுக்கிக் கட்டினார். நான் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினேன். ‘வீட்டுச் சூழல்: பாதுகாப்பு இல்லை’ என்று தட்டினேன். அறிக்கையில் அதற்கு அவ்வளவுதான் இடம்.

முதல் மூன்று மாதம் எங்கள் மையத்தில் சோதனைக் காலம். தேறினால் வேலை. நஞ்சன்கூட்டில் ஒரு மாவு மில் இந்த முறை இரண்டு பேரை எடுப்பதாகச் சொல்லியிருந்தது. தேறாதவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, காத்திருப்போர் பட்டியலில் அடுத்தவரைக் கூப்பிடுவோம். மற்ற பிள்ளைகள் வீட்டுக்குப் போனால் டிவி பார்ப்பார்கள், அண்ணியோடு சண்டை போடுவார்கள். ஜோதிமணி போனால் மறுபடியும் அந்தத் தாழ்ப்பாள்தான். இது எனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும்.

அவளைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். பாவம், சாது, பச்சைக் குழந்தை என்றெல்லாம் நினைத்துக்கொள்ள வேண்டாம். தன் டிபன் பாக்ஸ் மூடியை யாராவது தொட்டால் கையில் அறைவாள். யாராவது தடுக்கி விழுந்தால் முதலில் சிரித்துவிட்டுத்தான் தூக்கிவிடப் போவாள். பேச்சு குழறும். பத்து வார்த்தையில் நாலு புரிந்தால் அதிர்ஷ்டம். ஆனால் செருப்புகளை வாசலில் ஜோடி ஜோடியாக, நூல் பிடித்தது போல வைப்பாள். இயக்குநர் இராமச்சந்திரன் சாருடைய செருப்பும் அதில் அடக்கம். அவர் தினமும் தன் செருப்பைத் தேடுவார்.

சத்துமாவு அறையில் வேலை நடப்பது இப்படி. ஒருவர் கரண்டியால் மாவை அள்ளிக் கவரில் போடுவார். அந்தக் கவர் தராசின் மேல் இருக்கும். எதிரே உட்கார்ந்திருப்பவர் தராசில் எண்ணைப் பார்த்து, அரை கிலோ வந்ததும் போதும் என்று சொல்ல வேண்டும். அள்ளுகிறவர் நிறுத்தி, கவரை ஒட்டுகிறவரிடம் தள்ளிவிட்டு, அடுத்த கவரை எடுக்க வேண்டும். எங்கள் பிள்ளைகளில் பலருக்கு எண் தெரியாது. அதனால் ஜோடியாக உட்கார வைப்பது வழக்கம். மில்லிலும் இதே முறைதான். கற்றுக்கொடுக்கிற மல்லம்மா தராசுப் பக்கம் உட்காருவார். இருபது வருட அனுபவம். கன்னடம் தவிர வேறு பாஷை தெரியாது. குரல் மட்டும் கொஞ்சம் பெரிது.

இரண்டாம் வாரமே மல்லம்மா மூச்சு வாங்க மாடி ஏறி வந்தார்.

“அந்தப் புதுப் பெண் ஒரு இடத்தில் உட்காரமாட்டேன் என்கிறாள். போதும் என்று சொன்னால் கரண்டியை வைத்துவிட்டு எழுந்து போகிறாள். மூலையில் காலிச் சாக்குகளை அடுக்கி வைத்திருக்கிறோமே, அதில் ஒன்றை எடுத்து வந்து என் காலடியில் வைக்கிறாள். திரும்பக் கொண்டுபோய் வைத்தால் மறுபடியும் எடுத்து வருகிறாள்.”

அவர் கன்னடத்தில் சொன்னார். அதை நான் தமிழில் எழுதுகிறேன். இதைக் கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் வாரம் இன்னும் மோசம். ஒரு சாக்கு வந்ததும் மல்லம்மாவுக்குக் கோபம் வந்து, போதும் போதும் என்று கத்துவாராம். அவள் ஓடிப்போய் இரண்டு எடுத்து வருவாளாம். எத்தனை முறை கத்துகிறாரோ அத்தனை சாக்கு. சாயங்காலம் மல்லம்மாவின் முழங்கால் உயரத்துக்குச் சாக்குகள் குவிந்து கிடக்கும். மாவு ஒட்டிய புடவையோடு நடுவில் அவர் உட்கார்ந்திருப்பார். மற்ற பிள்ளைகளுக்கு ஏகக் கொண்டாட்டம். ஏன் இப்படிச் செய்கிறாய் என்று கன்னடத்தில் கேட்டால் ஜோதிமணி பல்லைக் காட்டிச் சிரிப்பாளாம்.

வாரம் ஒருநாள் வருகிற மனநல ஆலோசகர் அரைமணி நேரம் பார்த்துவிட்டு, ‘ஒரே செயலை நோக்கமின்றித் திரும்பத் திரும்பச் செய்தல்’ என்று எழுதிக் கொடுத்தார். அந்த வரி எனக்குப் பிடித்திருந்தது. அறிக்கையில் தடித்த எழுத்தில் போட்டேன். வீட்டுக்கு அனுப்பும் நோட்டிலும் என் அழகான தமிழில், ‘சொன்னதைக் கேட்பதில்லை, வீட்டில் எடுத்துச் சொல்லவும்’ என்று நாலு வாரம் தொடர்ந்து எழுதி அனுப்பினேன்.

நானும் ஒருமுறை அவளைப் பிடித்து வைத்துக் கேட்டேன். மையத்தில் வேலை பார்ப்பவர்களில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதானே.

“ஏன் ஜோதி, மல்லம்மா சொன்ன பேச்சக் கேக்கவே மாட்டியா நீ?”

“கேக்கறன்” என்றாள்.

பொய் சொல்கிறது பார் என்று நினைத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டேன். எதற்காகச் சாக்கு எடுக்கிறாய் என்று தமிழில் ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. எனக்கு அன்றைக்கு வேலை அதிகமாம்.

பதினொன்றாம் வாரம் வியாழக்கிழமை இராமச்சந்திரன் சார் பெற்றோரைக் கூப்பிடச் சொன்னார். காளிதாஸுக்கு அன்று கான்கிரீட் போடும் நாள். சாமியாத்தாள் மட்டும் வந்தார். தசரா யானைகள் நடை பழக ரோட்டில் இறங்கியதில் பஸ் மாட்டிக்கொண்டு அரைமணி தாமதம். அதற்காகவே மூன்று முறை மன்னிப்புக் கேட்டார். தமிழில் சொல்ல வேண்டிய பொறுப்பு என் தலையில் விழுந்தது.

“பயிற்சி அவளுக்கு ஒத்து வரல்லம்மா. ரொம்பவே பாத்தோம். சொன்னா கேக்கறதில்ல. அடுத்த மாசத்துலேந்து வீட்லயே வெச்சுக்கோங்க.”

அவர் வாதாடவில்லை. மேஜை விளிம்பை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார்.

“ஒருக்கா அவ வேல செய்யறதப் பாத்துப்போட்டுப் போகட்டுங்களா? நான் பாத்ததே இல்லீங்க.”

கீழே கூட்டிப் போனேன். கதவோரம் நின்றோம். ஜோதிமணி எங்களைப் பார்க்கவில்லை. தலையில் வலைத்தொப்பி போட்டுக்கொண்டு, நாக்கு நுனியைக் கடித்தபடி அள்ளிக்கொண்டிருந்தாள். அரை கிலோ வந்தது. மல்லம்மா சொன்னார். அவள் கரண்டியை வைத்தாள், எழுந்தாள், மூலைக்குப் போனாள், ஒரு சாக்கை எடுத்து வந்து மல்லம்மாவின் காலடியில் மடித்து வைத்தாள். மல்லம்மா நெற்றியில் அடித்துக்கொண்டு இரண்டு முறை கத்தினார். அவள் திரும்ப ஓடினாள்.

பார்த்தீர்களா என்கிற மாதிரி நான் சாமியாத்தாளைத் திரும்பிப் பார்த்தேன். அவர் முகத்தில் துளி ஆச்சரியமில்லை. என் காதருகே குனிந்து மெதுவாகக் கேட்டார்.

“ஏனுங்க மேடம், இந்தம்மாவுக்கு எதுக்குங்க இத்தன சாக்கு?”

“என்னது?”

“இல்லீங்க, கேட்டுக்கிட்டே இருக்காங்களே. இப்பக்கூட ‘சாக்கு, சாக்கு’ன்னு ரெண்டு தடவ கேட்டாங்க. புள்ள ரெண்டு எடுத்தாறப் போயிருக்கறா. கேட்டதத்தான குடுக்கறா? அப்பறம் எதுக்குங்க அந்தம்மா கோவிச்சுக்கறாங்க?”

கன்னடத்தில் போதும் என்பதற்கு ‘சாக்கு’ என்று சொல்ல வேண்டும்.

இந்த ஊரில் பிறந்தவள் நான். வீட்டில் தமிழ், வெளியே கன்னடம். எங்கள் வீட்டில் தமிழ் பேசும்போதே, குழம்பு ஊற்றினால் ‘சாக்கு சாக்கு’ என்று கையை நீட்டித் தடுப்போம். ஒருநாளும் எங்கள் யாருக்கும் கோணிப்பை ஞாபகம் வந்ததில்லை. மல்லம்மா பதினொரு வாரமாக ‘சாக்கு’ என்று சொல்லியிருக்கிறார். நான் பதினொரு வாரமாக அதைப் ‘போதும்’ என்றே கேட்டு, ‘போதும்’ என்றே எழுதியிருக்கிறேன். அந்த அறையில் காதில் விழுந்ததை அப்படியே கேட்டுச் செய்தவள் ஜோதிமணி ஒருத்திதான். ஒரு சாக்கு என்றால் ஒன்று, இரண்டு என்றால் இரண்டு. இதற்கு நான் போட்ட பெயர், நோக்கமின்றி. அதுவும் தடித்த எழுத்தில்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. சொல்லிக்கொள்ள எனக்கு எந்தச் சாக்கும் இல்லை.

சாமியாத்தாளிடம் தமிழில் சொல்லிவிட்டு, மல்லம்மாவிடம் கன்னடத்தில் சொன்னேன். அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும், “அய்யோ தேவரே!” என்று வாயைப் பொத்திக்கொண்டார். கையில் இரண்டு சாக்கோடு வந்து நின்ற ஜோதிமணியைப் பார்த்தார். அப்படியே சிரிக்க ஆரம்பித்தவர் கடைசியில் அழுதுவிட்டார். நானும் சிரித்தேன். பதினொரு வாரமாக மனசில் கிடந்த ஒரு பாரம் இறங்கியது. அந்தப் பெண்ணால் முடியாது என்று எழுதிவிட்டு நான் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருக்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

சாமியாத்தாள் மட்டும் சிரிக்கவில்லை. சுவரில் சாய்ந்து தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“நோட்டுல எழுதியிருக்குதுன்னு பக்கத்து வூட்டுப் பொண்ணு படிச்சுச் சொல்லுச்சுங்க. பேச்சக் கேக்கறதில்லைன்னு. நான் ரெண்டு தடவ அடிச்சுப்போட்டனுங்க. அவளும் ‘கேக்கறன், கேக்கறன்’னுதான் அழுதா.”

நான் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கைமேல் கையை வைத்து, “தப்பு எங்கமேலம்மா, என்மேல” என்றேன். அவர் என் கையைத் தள்ளவும் இல்லை, பிடிக்கவும் இல்லை.

மல்லம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு தராசுக்குப் போனார். தமிழில் எப்படிச் சொல்ல வேண்டும் என்று என்னிடம் கேட்டு, இரண்டு முறை சொல்லிப் பழகினார். ஜோதிமணி அள்ளினாள். அரை கிலோ வந்ததும், “போதுமு” என்றார் மல்லம்மா. அவள் டக்கென்று நிறுத்தினாள். கவரைத் தள்ளினாள். அடுத்ததை எடுத்தாள். போதுமு. தள்ளினாள். அடுத்தது. மூலைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒட்டுகிற பிள்ளையால் அந்த வேகத்துக்கு ஈடு கொடுக்க முடியாமல் கவர்கள் வரிசை கட்டி நின்றன.

சத்தம் கேட்டு வந்த இராமச்சந்திரன் சார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். மனிதர் நல்லவர், ஆனால் சந்தோஷத்தை அதிக நேரம் நீடிக்க விடமாட்டார்.

“மில்லில் யாரும் இவளுக்காகத் தமிழ் பேச மாட்டார்கள், ரூபா. திங்கட்கிழமை மேனேஜர் மஞ்சுநாத் ஆள் பார்க்க வருகிறார். அங்கேயும் மாவு வருவது சாக்கில்தான். அறை முழுக்கச் சாக்கு.”

சாமியாத்தாளுக்கு அதைத் தமிழில் சொன்னேன். நாலே நாளில், இருபத்தொரு வருடமாகத் தெரிந்த ஒரு வார்த்தையை எப்படி மறக்க வைப்பது? நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே சாமியாத்தாள் கேட்டார்.

“அந்தம்மா பாசைல சாக்குக்கு என்னங்க பேரு?”

“கோணி.”

“நம்மள்லயும் கோணின்னு சொல்றது உண்டுங்களே. வூட்ல நாங்க இன்னைலேர்ந்து கோணின்னே சொல்லிப்போடறோம். சோறு போடறப்ப அந்தம்மா மாதிரி ‘சாக்கா’ன்னு கேட்டுப்போடறன். அது ஒண்ணும் பெரிய காரியமில்லீங்க.”

எம்.ஏ. படித்த எனக்கு இது தோன்றவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

பதினெட்டுக் கொட்டகையிலும் அன்று சாயங்காலமே தடையுத்தரவு போடப்பட்டது. சித்தாட்கள், கம்பி கட்டுகிறவர்கள், மளிகைக்கடைக்காரர் எல்லோரும் கோணி என்றே சொல்ல வேண்டும். நாள் முழுக்கச் சிமென்ட் மூட்டைகளோடு கிடக்கிறவர்கள் அவர்கள். நாக்கு எப்படிச் சும்மா இருக்கும்? அதிகம் தவறியது காளிதாஸ்தான். ஒவ்வொரு தவறுக்கும் சாமியாத்தாள் முறைக்க, அவர் வாயைத் திறப்பதையே விட்டுவிட்டாராம். சோறு போடும்போது வேறு கூத்து. ஜோதிமணிக்கு இந்த விளையாட்டு பிடித்துப்போய், ‘சாக்கு’ என்று சொல்லாமல் வேண்டுமென்றே தட்டை நீட்டிக்கொண்டே இருந்தாளாம். அம்மா போட்டுக்கொண்டே இருக்க, சட்டியில் அப்பாவுக்குச் சோறு இல்லை. சாமியாத்தாள் தினமும் போனில் இதையெல்லாம் சொல்வார். நான் ஆபீஸில் தனியாகச் சிரிப்பேன்.

வெள்ளிக்கிழமை மல்லம்மா ‘சாக்கு’ என்றபோது அவள் எழுந்து மூலை வரை போய், யோசித்து, வெறுங்கையோடு திரும்பி வந்தாள். சனிக்கிழமை காலையில் பாதி எழுந்து உட்கார்ந்தாள். மத்தியானத்துக்கு மேல் எழவில்லை. ஆனால் சனிக்கிழமை எழாதவள் திங்கட்கிழமை எழமாட்டாள் என்று யார் உறுதி சொல்வது?

திங்கட்கிழமை மஞ்சுநாத் வந்தார். ஒல்லியான மனிதர், கையில் இரண்டு போன். ஆறு பிள்ளைகளைப் பார்த்துவிட்டுக் கடைசியாக ஜோதிமணியிடம் வந்தார். மல்லம்மாவை எழச் சொல்லிவிட்டுத் தானே தராசுப் பக்கம் உட்கார்ந்தார். சாமியாத்தாள் கதவோரம் நின்று முந்தானையைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

முதல் கவர். மஞ்சுநாத், “சாக்கு” என்றார். நிறுத்தினாள், தள்ளினாள். இரண்டாவது, மூன்றாவது, எல்லாம் ஒழுங்கு. மல்லம்மா என் முழங்கையை நகம் பதியப் பிடித்திருந்தார். நாலாவது கவர் பாதியில் இருக்கும்போது போன் அடித்தது. மனிதர் எடுத்துப் பேச ஆரம்பித்துவிட்டார். ஏதோ லாரி வரவில்லை என்று யாரையோ திட்டுகிறார். கண் தராசில் இல்லை. ஜோதிமணி அள்ளிக்கொண்டே இருக்கிறாள். சொல்ல ஆளில்லை. மல்லம்மா வாயைத் திறந்தார், இராமச்சந்திரன் சார் கையைக் காட்டி அடக்கினார். மாவு வழிந்து கொட்டப் போகிறது, எல்லாம் போச்சு என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

கரண்டியை வைக்கிற சத்தம் கேட்டது.

கண்ணைத் திறந்தேன். கரண்டியை வைத்துவிட்டு அவள் மஞ்சுநாத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பேச்சை நிறுத்துவதாக இல்லை. சத்தமாக, கொஞ்சம் கோபமாகவே, “சாக்கு!” என்றாள். மஞ்சுநாத் திடுக்கிட்டுத் தராசைப் பார்த்தார். ஐந்நூற்று இரண்டு கிராம்.

எண் தெரியாத பெண். பதினொரு வாரமாக அந்தக் கவரையே பார்த்துப் பார்த்து, எதுவரை வந்தால் சரி என்று கண்ணாலேயே கற்று வைத்திருக்கிறாள். யாரும் எதுவும் சொல்லவே தேவையில்லை. நாங்கள் நாலு நாளாக ஊரைக் கூட்டிப் பாஷை மாற்றிக்கொண்டிருந்தோம். எனக்கு வந்த கோபமெல்லாம் என்மேல்தான், ஆனால் அது நீடிக்கவில்லை. சந்தோஷத்தில் கரைந்துவிட்டது.

மஞ்சுநாத் போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டார். “இவளை அனுப்புங்கள். வருகிற முதல் தேதியிலிருந்து” என்றார். நான் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் சாமியாத்தாளுக்குப் புரிந்துவிட்டது. மல்லம்மா அவரைக் கட்டிக்கொண்டார். ஒருவர் கன்னடத்திலும் ஒருவர் தமிழிலும் ஒரே நேரத்தில் அழுதார்கள். நான் மாடிக்குப் போய்ப் பழைய அறிக்கையை அழித்தேன். புதிதாக எழுதியதில் முதல் வரி, ‘சொன்னதைச் சொன்னபடி கேட்பவர்’.

முதல் தேதி காலை, மில் வேன் எட்டேகாலுக்கு ரிங் ரோட்டுக்கு வரும் என்று சொல்லியிருந்தார்கள். மகளை வழியனுப்பச் சாமியாத்தாள் அரைநாள் லீவு போட்டிருந்தார். இருபத்தொரு வருடத்தில் அவளைத் தனியாக இவ்வளவு தூரம் அனுப்பியதில்லை. அவள் அழுதால் எப்படிச் சமாதானம் செய்வது, வேனில் ஏறமாட்டேன் என்று அடம்பிடித்தால் என்ன சொல்வது என்று முதல் நாள் போனில் என்னிடம் ஒத்திகையே பார்த்தார்.

எட்டரைக்கு போன் வந்தது. குரல் கம்மியிருந்தது.

“என்னம்மா, ஏறலியா?”

“ஏறிட்டாளுங்க” என்றார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பெரிய அநியாயம் நடந்துவிட்டதைப் போல என்னிடம் புகார் சொன்னார். “நான் கைய ஆட்டிட்டே நிக்கறனுங்க மேடம். பக்கத்துல ஆரோ ஒரு புள்ளையோட சிரிச்சுப் பேசிக்கிட்டே போயிட்டா. திரும்பிக்கூடப் பாக்கலீங்க!”